எங்கள் வாசலில் நின்றுபோன பாட்டு

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களே, இதை எடுத்து வாசிக்கும் தாங்கள் யாரென்று நான் அறியேன். கிறிஸ்தவராயிருந்தால் நான் சொல்லவரும் வழக்கம் தங்களுக்குப் பழகியதாயிருக்கும். வேறு சமயத்தவராயிருந்தால் ஒரு பத்தி மட்டும் பொறுத்தருளுங்கள், விளங்கிவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். விழுப்புரம் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது வண்டிகளுக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுபவனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எழுத்து நடை என்று என்னிடம் ஏதேனும் இருக்குமானால், அது ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் நடுவே வாசித்த வேதாகமத்திலிருந்தும், பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாள்களிலிருந்தும் சேர்ந்ததாகும். குறையிருந்தால் மன்னிக்கவும்.

அக்டோபர் மாதம் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஜெபமாலை மாதம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். அந்த அன்பியத்துக்குப் பொதுவாக ஒரு மாதா சுரூபம், அதாவது சிலை, உண்டு. அம்மாதத்தில் அது வீட்டுக்கு ஒரு நாளாகத் தங்கிச் செல்லும். மறுநாள் மாலையில், அடுத்த முறைக்குரிய வீட்டின் தலைவர் தோளில் துண்டோடு வந்து, சுரூபத்தை இரு கைகளிலும் வாங்கிக்கொண்டு முன்னே நடப்பார். மற்றவர்கள் மெழுகுவத்தி பிடித்துப் பாடிக்கொண்டு பின்னே வருவார்கள். அவர் வீட்டில் எல்லாரும் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வார்கள். முடிந்ததும் அந்த வீட்டார் சுண்டல் கொடுப்பார்கள். இதிலே ஒரு சிறு ஒழுங்கும் உண்டு. போகும் வழியில் சாவு நேர்ந்த வீடு இருந்தால், அதன் வாசலைக் கடந்து முடியும்வரை பாட்டை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சாவுக்கு வருடம் திரும்பும்வரை அப்படித்தான். துக்கத்துக்குக் காட்டும் மரியாதை அது. இந்த ஒழுங்கைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில் மாதா வரும் நாள் எங்கள் வீட்டில் திருவிழாவுக்குச் சமம். என் மனைவி ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் கைப்பட்ட மல்லாட்டைச் சுண்டலுக்கு எங்கள் தெருவில் பெயர் உண்டு. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். பச்சை மிளகாயையும் மாங்காயையும் பொடியாக நறுக்கிப் போட்டு, கடைசியில் தேங்காய் தூவி இறக்குவாள். எங்கள் வீட்டு முறையன்று மட்டும் ஜெபத்துக்கு வழக்கத்தைவிட ஆள் அதிகமாக வரும். பக்தியினாலா, சுண்டலினாலா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அவள் சொன்னாள்:

"எதுனால வந்தா இன்னாங்க? வந்தவங்க முட்டி போட்டாங்களா இல்லியா? அத்தோட வுடுங்க."

அவளுக்கு ஜெபமும் விளையாட்டும் வேறு வேறல்ல. பணிக்குப் போகும் அவசரத்தில் நான் ஜெபமாலையை விரைவாகச் சொன்னால், மணிகளை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"இது ஜெபமா, எக்ஸ்பிரஸ் வண்டியாங்க? எந்த ஸ்டேஷன்லயும் நிக்காம போய்க்கினே இருக்கீங்க. நம்மளது பாசஞ்சர். எல்லா எடத்துலயும் நின்னு, ஆளை ஏத்திக்கினுதான் போவும்."

எங்களுக்கு ஒரே மகன். சிறுவயதில் ஜெபமாலையின் பாதியிலேயே அவன் தலை சாய்ந்துவிடும். இறுதியில் வரும் மன்றாட்டு மாலையில், மாதாவின் ஒவ்வொரு பட்டத்தையும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். அவன் தூக்கத்திலேயே அந்தப் பதிலைப் பிசகாமல் சொல்வான். ஒருநாள் என் மனைவி, குரலின் ராகம் சிறிதும் மாறாமல், "அடுப்புல வெந்துக்கினு இருக்கிற மல்லாட்டையே" என்றாள். என் மகன் கண்ணை மூடியபடி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நான் வீட்டுத் தலைவன் என்ற முறையில் கோபித்துக்கொண்டேன்.

"ஜெபத்துல இன்னா வெளையாட்டு?"

"மாதாவும் ஒரு புள்ளயப் பெத்து வளர்த்தவங்கதாங்க. தூங்கற புள்ளய எழுப்பற வித்தை அவங்களுக்கும் தெரியும். கோவிச்சிக்க மாட்டாங்க. நீங்க ஜல்தியா முடிங்க, சுண்டல் ஆறிப்போவுது."

கிறிஸ்துமஸ் குடிலுக்கு அவள் மண்தட்டில் கேப்பையை விதைத்துப் பச்சை முளைகட்ட வைப்பாள். அந்தப் பச்சையை வெட்டி வைக்கும் உரிமை மகனுக்கு. தேவ பாலனைப் படுக்கவைக்கும் இடத்தில் ஒருமுறை அவன் தன் பிளாஸ்டிக் ரயில் வண்டியையும் வைத்துவிட்டான். "மூணு ராஜாவும் ஒட்டகத்துல வந்தா லேட்டாவும். ரயில்ல வரட்டும்" என்றான். நான் எடுக்கப்போனேன், அவள் விடவில்லை. மூன்று ராஜாக்கள் வந்ததை நினைக்கும் திருக்காட்சித் திருநாள்வரை அந்த வண்டி குடிலிலேயே நின்றது. இவற்றையெல்லாம் நான் எழுதுவது, பின்னால் நடந்ததற்கு அவன் மீது பழி போடத் தாங்கள் அவசரப்படக்கூடாது என்பதற்காகவே.

அவன் வளர்ந்தான். மின்சாரச் சாமான்கள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து திண்டிவனத்தில் குடியேறினான். கோலியனூரில் பெண் எடுத்தோம். அடக்கமான பெண், நம் கோயிலிலேயே பாடிக்கொண்டிருந்தவள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை ஒருமுறை மாறாத காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தது. அப்போது ஒரு சபையைச் சேர்ந்தவர்கள் நாள் தவறாமல் வந்து, கட்டிலருகே நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். குழந்தை பிழைத்தது. அதிலிருந்து என் மகன் அந்தச் சபைக்குப் போகத் தொடங்கினான். சுரூபம் கூடாது, சிலுவை அடையாளம் போடுவது கூடாது, ஜெபமாலை கூடாது என்பது அவர்கள் போதனை. நான் விழுப்புரத்திலிருந்து புறப்பட்டுப்போய் அவனைக் கண்டித்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"ப்பா, என் புள்ள படுத்துக்கினு இருந்தப்ப சபை ஆளுங்க தெனம் வந்தாங்க. நம்ம அன்பியத்துல இருந்து யாரு வந்தாங்க? ஒரு ஆளு பேரைச் சொல்லுங்க, நான் நாளைக்கே கோயிலுக்கு வர்றேன்."

நான் சொல்ல ஒரு பெயரும் இருக்கவில்லை. அடுத்த வண்டியில் விழுப்புரம் திரும்பினேன்.

அதன்பின் என் மனைவிக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. என்னால் தனியே தூக்கி இறக்கிக் குளிப்பாட்ட இயலவில்லை. மகன் வண்டியோடு வந்து இருவரையும் திண்டிவனத்துக்கு அழைத்துக்கொண்டான். அந்த விஷயத்தில் அவனிடம் ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். தாயைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டுபோன மகன் அவன். ஆனால் விழுப்புரத்தில் எங்கள் பீடத்தில் இருந்த சிறிய மாதா சுரூபத்துக்கு அவன் வீட்டுச் சுவரில் இடமில்லை. அதை அவள் தன் பழைய புடவையில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். படுத்தபடியே வலது கையைத் தொங்கவிட்டுத் தொட்டுக்கொள்வாள். மகனுக்கு அது தெரியும். கூட்டிப் பெருக்கும்போது அந்த மூட்டையை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கும்படி தன் மனைவியிடம் அவன் சொல்லியிருந்ததை நான் பின்னால் அறிந்தேன்.

தாய்க்கும் மகனுக்கும் இதைப்பற்றி நடக்கும் வழக்கு வேடிக்கையாயிருக்கும்.

"எம்மா, ஏசப்பாகிட்ட நேராப் பேசேம்மா. நடுவுல எதுக்கு இன்னொருத்தரு?"

"சின்ன வயசுல உங்கப்பாகிட்ட சைக்கிள் வேணும்னு கேக்கறதுக்கு நீ யாருகிட்டடா வந்த?"

"அது வேற."

"இன்னா வேற? என் முந்தானையப் புடிச்சிக்கினு நின்ன. நான் போயி சொன்னேன். சைக்கிள் வந்துச்சா இல்லியா?"

"உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியாதும்மா. பெரிய பேஜாரு."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போவான். அவளும் சிரிப்பாள், வாய் ஒரு பக்கமாகத்தான் போகும்.

அக்டோபர் நெருங்கியது. திண்டிவனத்தில் எங்கள் தெரு அன்பியத்தில் நானும் என் மனைவியும் பெயர் பதிந்திருந்தோம். ஞாயிறு தோறும் நான் கோயிலுக்குப் போய்வந்தேன். எங்கள் வீட்டுக்கும் முறை உண்டென்று கோயிலில் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து அவள் அதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. வீட்டில்தான் ஒரு சுரூபம் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். கட்டிலுக்கடியில் இருந்தது அவளுடைய மாதா. தெருவில் வருவது ஊருக்குப் பொதுவான மாதா. அது ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீடும் ஊரில் ஒன்று என்று பொருள். நடக்க இயலாதவளை, கோயிலுக்கு ஓராண்டாகப் போகாதவளை, இன்னும் தங்களில் ஒருத்தியாகவே எண்ணுகிறார்கள் என்று பொருள். அவள் விரும்பியது அதைத்தான். தனக்கு அடுத்த அக்டோபர் இல்லையென்று அவள் அறிந்திருந்தாள்.

மகனிடம் அவளே கேட்டாள். அவன் பல நாள் பதில் சொல்லாமலே திரிந்தான். அவன் தன் சபை மூப்பரிடமும் கேட்டிருக்கிறான்; அவர் கூடாதென்று சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு காலையில், தாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னான்:

"நான் முட்டி போட மாட்டேன். பாட மாட்டேன். அதெல்லாம் எங்கிட்ட கேக்காத. ஆனா கேட்டைத் தொறந்து வுடறேன். யாரும் எதுவும் சொல்லாம நான் பார்த்துக்கறேன். போதுமா?"

"போதும்டா. வாசலத் தொறக்கறவனுக்கும் பாதிப் பலன் உண்டு."

"அது எந்த வசனத்துல இருக்குது?"

"எங்க வசனத்துல இருக்குது. நீ கஞ்சியக் குடு."

முறைக்குரிய நாள் வந்தது. மருமகள் முந்தின இரவே மல்லாட்டையை ஊறவைத்திருந்தாள். என் மனைவி கட்டிலில் இருந்தபடி உப்பையும் மாங்காயையும் பற்றி உத்தரவிட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தியும் சாமந்திப் பூவும் வைத்தோம். எங்கள் வீட்டை அடுத்த வீட்டிலும் அன்று காலையிலேயே வாசல் கழுவிக் கோலமிட்டு, சிறு விளக்குச் சரங்கள் கட்டினார்கள். அவர்களும் நம் அன்பியத்தார். நம் வீட்டுக்கு மாதா வருவதற்காக அவர்களும் வாசலை அலங்கரிக்கிறார்களே என்று நான் மனம் நெகிழ்ந்தேன். அதை மனைவியிடமும் சொன்னேன். "நல்ல மனுசங்க" என்றாள்.

மாலையில் அவளுக்கு நீலப் புடவை உடுத்தி, தலைவாரிப் பூ வைத்து, கூடத்துக்கு முன்னுள்ள சிட்டவுட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வலது கையில் ஜெபமாலை. நான் புது வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, சுரூபம் தங்கியிருந்த வீட்டுக்குப் புறப்பட்டேன். புறப்படும்போது, "ஏங்க, கெட்டியாப் புடிச்சிக்கினு வாங்க. கைய ஆட்டாதீங்க. பாட்டு சத்தமா வரணும், நான் எழுந்து வந்து பார்க்க முடியாது" என்றாள்.

அந்த வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தொடக்க ஜெபம் சொன்னார்கள். நான் முறைப்படி சுரூபத்தின் முன்னே போய் இரு கைகளையும் நீட்டினேன். அன்பியத் தலைவி சுரூபத்தை எடுத்தார். பள்ளியில் ஆசிரியையாக இருப்பவர்; என்னைப் பெரியப்பா என்று அழைப்பவர். அவர் என் கைகளைத் தாண்டி, என் அருகில் நின்ற அடுத்த வீட்டுக்காரரிடம் அதைக் கொடுத்தார். அவர் தோளிலும் துண்டு இருந்ததை அப்போதுதான் நான் கண்டேன். என் கைகள் சற்று நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தன.

"இன்னாம்மா இது? முறை எங்களுதாச்சே."

"பெரியப்பா, கொஞ்சம் இப்பிடி வாங்களேன்" என்று என்னை மூலைக்கு அழைத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க புள்ள சபைக்குப் போறவரு. அவரு வூடு. மாதா வந்து, அதுனால உங்களுக்கும் அவருக்கும் சண்டை வந்து, பெரியம்மாவ அவரு ஏதாவது சொல்லிட்டா? அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

"எம்புள்ள ஒத்துக்கினான்மா. கேட்டைத் தொறந்து வெச்சிக்கினு நிக்கிறான்."

"இன்னிக்கி ஒத்துக்குவாரு. அவங்க சபை ஆளுங்க கேள்விப்பட்டா சும்மா இருப்பாங்களா? சுரூபத்துக்கு ஏதாவது ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? ஃபாதர்கிட்டயும் பேசிட்டோம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிப் பெரியப்பா சொல்றது? சொன்னா உங்க மனசு நோவும்னுதான் சொல்லல."

அருகிலிருந்த ஒருவர், "பெரியவரே, வம்பு வாணாம். புள்ளகூட இருக்கீங்க, அதுதான் முக்கியம்" என்றார். அவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அங்கே இருந்த ஒருவர் முகத்திலும் பகை இல்லை. அவர்கள் எங்கள் மேல் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அவ நாற்காலியில குந்திக்கினு இருக்கிறாம்மா. பாட்டு கேக்கணும்னு சொன்னா" என்றேன்.

"பெரியம்மாவுக்காக நாளைக்கி நாங்க நாலு பேரு தனியா வந்து ஜெபம் பண்றோம் பெரியப்பா. சத்தியமா."

அவர்கள் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னே நடக்க வேண்டிய நான் கடைசியில் நடந்தேன். விலகிப்போயிருக்கலாம். ஆனால் எங்கள் வீடும் அதே வழியில்தான் இருந்தது. பாட்டு நல்ல ஓசையோடு போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீடு நெருங்கியதும் தலைவி கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. பாடிக்கொண்டு கடந்தால் எங்கள் மனம் புண்படும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தக் கையை உயர்த்தும்போது, நம்மவரிடையே எந்த வீட்டு முன்னே பாட்டு நிற்கும் என்பது அவருக்கு நினைவில்லாமல் போயிற்று. அல்லது நினைவிருந்தும் வேறு வழி தோன்றவில்லை. செருப்புகள் தேயும் ஓசை மட்டும் கேட்டது.

என் மகன் கேட்டின் இரு கதவுகளையும் அகலத் திறந்துவைத்து, ஞாயிறு சபைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையை உடுத்தி, ஓரமாக நின்றுகொண்டிருந்தான். சுரூபத்தைப் பார்த்தான். அது திரும்பும் என்று ஒரு கணம் பின்வாங்கி வழிவிட்டான். அது திரும்பவில்லை. பிறகு வரிசையின் கடைசியில் வெறுங்கையோடு வரும் என்னைப் பார்த்தான். யாரும் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லாரும் கடந்துபோனார்கள். அடுத்த வீட்டு வாசலில் கால் வைத்ததும், விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள்.

என் மனைவி சிட்டவுட்டிலிருந்து கேட்டாள்:

"ஏங்க, நம்ம வூட்டுல யாருங்க செத்துட்டது? பாட்டை நிறுத்திட்டாங்க?"

அவள் மருமகளைப் பக்கத்தில் அழைத்தாள்.

"தோ, இங்க வாம்மா. என் மூக்குகிட்ட கை வெச்சிப் பாரு. மூச்சு வருதா?"

"அத்தை, அப்பிடிலாம் பேசாதீங்க."

"வருதா இல்லியா சொல்லு. அவங்களுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க போல."

மகன் கேட்டைச் சாத்தித் தாழிட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"பார்த்தியாம்மா உங்க ஆளுங்கள? நான் தொறந்து வெச்சேன்மா. நான் தொறந்துதான்மா வெச்சேன்."

"பார்த்தேன்டா, நீ தொறந்தத. உங்க ஆளுங்க வாணாம்னாங்க, எங்க ஆளுங்க வரமாட்டேன்னாங்க. ஆளுங்கன்னா எல்லாம் ஒண்ணுதான். நீ போயி சட்டைய மாத்து."

பிறகு சுண்டலை நினைத்துக்கொண்டாள். அந்த நிலையிலும் அவளுக்கு அது ஒரு குறை. "ஜெபம் முடிச்சிட்டு நம்ம வாசல் வழியாப் போறவங்க வெறும் வாயோட போவக்கூடாது. கொண்டுபோயி குடுத்துட்டு வா" என்று மருமகளை அனுப்பினாள். மருமகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். போன வேகத்திலேயே திரும்பினாள். மேலே மூடியிருந்த தட்டு மூடியபடியே இருந்தது.

"அவங்க வூட்டு சுண்டலே நெறைய இருக்குதாம் அத்தை."

அதை மறுநாள் காலைச் சிற்றுண்டியாக நாங்களே உண்டோம். மகனும் உண்டான். "மாதா வராத சுண்டலு. உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றாள் என் மனைவி. அவள் சொல்லி நாங்கள் சிரித்த கடைசி வேடிக்கை அது.

அதன்பின் அவள் ஜெபமாலையை விடவில்லை. ஆனால் சத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டாள். நான் உடன் சொல்ல உட்கார்ந்தால், "நீங்க உங்களுத சொல்லுங்க, நான் என்னுத சொல்லிக்கறேன்" என்பாள். கிறிஸ்துமஸுக்குக் கேப்பை விதைக்கட்டுமா என்று மருமகள் கேட்டபோது, வேண்டாமென்று தலையசைத்தாள். பாசஞ்சர் வண்டி எல்லா நிலையத்திலும் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போகும் என்று சொன்னவள், தன்னை ஏற்றாமல் போன வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏச்சாக ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலத்தில், ஒரு பிற்பகலில், கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவள் எழவில்லை. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

என் மகன் தன் சபை மூப்பரிடம் தொலைபேசியில் பேசினான். பிறகு என்னிடம் வந்து, "ப்பா, அம்மா உங்க முறைப்படியே போவட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றான். நான் கோயிலுக்குச் சொல்லியனுப்பினேன். ஐயா, அம்மா, அன்று அன்பியத்தார் அனைவரும் வந்தார்கள். ஒருவர் குறையவில்லை. தலைவி அந்தச் சுரூபத்தைத் தம் கைகளில் ஏந்திக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார், கூடத்துக்குள் வந்தார், என் மனைவியின் தலைமாட்டில் வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சபையார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் அன்று அவர்களுக்கு இருக்கவில்லை. உடலை எடுக்கும்வரை பாடிக்கொண்டேயிருந்தார்கள். அவள் கேட்க விரும்பிய பாட்டுகள்தாம். நல்ல குரல்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் அன்று திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு வழிவிட்டபடி நின்றான். முன்பு அவன் ஆயத்தமாயிருந்த வேலை அதுவேதான்.

இந்த ஆண்டு அக்டோபருக்கு முன்னால் தலைவி வீடு தேடி வந்தார். மகனும் வீட்டில் இருந்தான்.

"பெரியப்பா, இந்த வருசம் மொத முறை உங்க வூட்டுக்குத்தான். எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். தம்பி, உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"அப்பா இன்னா சொல்றாரோ அதுதான்" என்றான் மகன்.

நான் சொன்னேன்: "வாணாம்மா. கேட்டவ போய்ட்டா. ஆனா ஒண்ணு கேக்கறேன், அதைச் செய்ங்க. எங்க வாசலைத் தாண்டறப்ப பாட்டை நிறுத்தாதீங்க. பாடிக்கினே போங்க."

அவர் திகைத்தார். "அது எப்பிடிப் பெரியப்பா? பெரியம்மா போயி வருசம் திரும்பலியே. சாவு வூடு. பாடிக்கினு போனா ஊரு இன்னா சொல்லும்?"

"போன வருசம் சாவு இல்லாத வூட்டுல நிறுத்தினீங்களே, அப்ப ஊரு இன்னாம்மா சொல்லிச்சி?"

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, "பார்க்கறேன் பெரியப்பா" என்று சொல்லிப் போனார்.

சென்ற வாரம் மாதா எங்கள் தெருவழியே போனது. ஓசை கேட்டதும் நான் எழுந்து கேட்டருகே போய் நின்றேன். எனக்கு முன்பே என் மகன் வந்திருந்தான். நான் சொல்லாமலே அவன் கேட்டின் இரு கதவுகளையும் திறந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பாட்டு நெருங்கி வந்தது. தலைவி எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் கை உயரவில்லை. அந்த அளவுக்கு அவர் என் சொல்லைக் காத்தார். ஆனால் கை காட்ட ஆள் தேவைப்படவில்லை. முன்வரிசையில் வந்தவர்கள் தாமாகவே, ஒருவர் பின் ஒருவராக, வாயை மூடிக்கொண்டார்கள். ஒழுங்கு அறிந்தவர்கள். எங்கள் வாசலைக் கடந்தார்கள்; அடுத்த வீட்டு வாசலில் மீண்டும் எடுத்தார்கள். மகன் கதவுகளைச் சாத்தினான்.

இந்த முறை அவர்கள் செய்தது சரி. சாவு வீட்டு முன்னே பாட்டை நிறுத்துவது மரியாதை. சென்ற ஆண்டு அந்த மரியாதையைப் பெற்றவள் உயிரோடு உட்கார்ந்து, நீலப் புடவையும் பூவுமாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அவர்கள் மறந்துவிடுவார்கள். மறக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. என் மகனும் நானும் மறக்க மாட்டோம். ஆனால் நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஆகையால் இதை எழுதினேன். ஐயா, அம்மா, இந்தத் தாள்களைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.